செந்தமிழனின் சிவப்புப் பூட்டு

ஃப்ரிட்ஜின் மேலே, ஊறுகாய் பாட்டிலுக்கும் கேஸ் புத்தகத்துக்கும் நடுவில், அந்தச் சிவப்புப் பூட்டு உட்கார்ந்திருந்தது. பால் எடுக்க வந்த பிரவீனா அதைப் பார்த்தாள். காலை ஒன்பதே கால் மணி. கையிலிருந்த பாத்திரத்தை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அப்படியே நின்றாள்.

பூட்டைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா என்று கேட்காதீர்கள். இது வீட்டுப் பூட்டு இல்லை. அவள் புருஷன் செந்தமிழன் ஒரகடத்தில் கார் கதவு அடிக்கிற கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். அங்கே மெயின்டனன்ஸ்காரர்கள் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு சிவப்புப் பூட்டு உண்டு. அதில் ஒரு அட்டை தொங்கும். அட்டையில் ஆளின் போட்டோ, பேர், அதற்குக் கீழே பெரிய எழுத்தில் 'ஆபத்து. இயக்காதீர்கள். ஆள் உள்ளே இருக்கிறார்.' மெஷினுக்குள் இறங்குகிறவன் முதலில் பேனலில் இருக்கிற மெயின் ஸ்விட்சை அணைத்து, தன் பூட்டை அதில் மாட்டி, சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். நாலு பேர் இறங்கினால் நாலு பூட்டு. பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான். பூட்டு இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை. அவ்வளவுதான் கணக்கு. மேனேஜரே வந்து கேட்டாலும் சாவியைத் தரக்கூடாது.

"கட்டின பொண்டாட்டிக்கே குடுக்கக்கூடாதுடி, தெரியுமா?" என்று கல்யாணமான புதிதில் செந்தமிழன் அதை அவள் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டியிருக்கிறான். "ஏன், நான் இன்னா உன்ன மெஷின்ல போட்டு அடிக்கவா போறேன்?" என்று அவளும் சிரித்திருக்கிறாள்.

இன்றைக்குச் சனிக்கிழமை. தகட்டை அழுத்திக் கதவாக்குகிற எண்ணூறு டன் பெரிய பிரஸ்ஸை நிறுத்திப் பழுது பார்க்கிற நாள். பிரஸ்ஸுக்கு அடியில் ஆள் உயரத்துக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. ஃபிட்டர் அதற்குள் இறங்கினால் மேலே நிற்கிறவன் கண்ணுக்குத் தெரியாது. நேற்று சாயங்காலம் கூட வேலை செய்யும் நாகப்பன் அண்ணன் போனில் சொல்லியிருந்தார்: "தங்கச்சி, நாளைக்குப் பள்ளத்துல வேல. பழைய பனியன் ஒண்ணு குட்த்தனுப்பு. பத்து மணிக்கு டீ, டீக்கப்புறம் மெஷின ஓட்டி ட்ரையல் எட்த்துட்டா முடிஞ்சுது."

செந்தமிழன் பள்ளத்துக்குள். அவன் பூட்டு ஃப்ரிட்ஜின் மேல்.

அது எப்படி வீட்டுக்கு வந்தது? அதுதான் பிரவீனாவின் நெஞ்சில் இடித்தது. அவள்தான் வரவழைத்தாள்.

ஐந்து மாதத்துக்கு முன்னால், பென்னலூர் சர்வீஸ் ரோட்டில், பெயின்ட் அடிக்காத ஒரு ஸ்பீடு பிரேக்கரில் அவன் வண்டி தூக்கிப்போட்டது. ஹெல்மெட் பெட்ரோல் டேங்க்கின் மேல் பத்திரமாக இருந்தது. அதற்கு ஒரு கீறல் இல்லை. இவன் தலைதான் தார் ரோட்டில் மோதியது. காதில் ரத்தம் வந்தது. இருபது நிமிஷம் நினைவில்லை. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். தையல் ஆறியது, முடி வளர்ந்து தழும்பை மூடியது, ஒன்றரை மாதத்தில் ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் ஒருவர் காயத்தைப் பார்த்து 'வேலைக்குப் போகலாம்' என்று எழுதியும் கொடுத்தார். வெளியில் பார்க்கிறவர்களுக்கு அவன் பழைய செந்தமிழன்தான்.

உள்ளே என்ன ஆனது என்று ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் ஒரு அம்மாள் பிரவீனாவை உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்: "மண்டை ஓட்டுக்குள்ள மூளை குலுங்கி முன்பக்கமும் பக்கவாட்டுலயும் அடிபட்டிருக்கும்மா. பழசெல்லாம் அப்படியே இருக்கும். கை பழகின வேலையும் மறக்காது. புதுசா நடக்கிறதுதான் உள்ள போய் உக்காராது. நாள்பட நாள்பட தேறலாம், எவ்வளவு தேறும்னு இப்ப சொல்ல முடியாது. இன்னொண்ணு, கவனமா கேளுங்க. ஞாபகத்துல ஓட்டை விழுந்த இடத்துல மூளை பழைய துணிய வச்சு ஒட்டுப் போட்டுக்கும். அவர் பொய் சொல்ல மாட்டார். ஆனா சொல்றது நடந்ததாவும் இருக்காது. ஒட்டு எது, நிஜம் எதுன்னு அவருக்கே தெரியாது."

அதுவேதான் நடந்தது. பத்தாம் வகுப்பு வாத்தியார் எந்தக் கையில் பிரம்பு பிடிப்பார் என்று அவன் சொல்லுவான். எந்த மெஷினுக்கு எத்தனை போல்ட் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவான். காலையில் சாப்பிட்டாயா என்றால் மட்டும், "ஆச்சே, நாலு இட்லி, தக்காளி சட்னி, உப்பு கம்மி" என்பான். அன்றைக்கு அடுப்பே பற்ற வைத்திருக்க மாட்டாள். முதல் தடவை பிரவீனா விழுந்து விழுந்து சிரித்தாள். நாலாவது தடவை பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

கம்பெனியில் சொல்லவில்லை. ஆறு வருஷம் கான்ட்ராக்டில் நாயாய் உழைத்து, போன வருஷம்தான் அவன் பர்மனென்ட் ஆனான். தலையில் கோளாறு என்று ஒரு சொல் வெளியே போனால் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று இரண்டு பேரும் பயந்தார்கள். மறுபடி நரம்பு டாக்டரிடம் போகவும் இல்லை. போனால் எழுதிக் கொடுத்துவிடுவாரே!

ஆனால் இரண்டு தடவை அவன் தன் பூட்டை மெஷினிலேயே தொங்கவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டான். உள்ளே ஆள் இருப்பதாகத்தானே அர்த்தம்? லைன் முழுக்க நின்று, ஆளைத் திரும்ப வரவழைத்துத் திறந்தார்கள். மெமோ கொடுத்தார்கள். மூன்றாவது தடவை நடந்தால் விசாரணை என்றார்கள். அப்போதுதான் பிரவீனா ஒரு ஏற்பாடு செய்தாள். தினமும் வேலை முடிந்ததும் பூட்டையும் சாவியையும் டிபன் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வந்ததும் அவள் பையைத் திறந்து பார்ப்பாள். பூட்டு வந்துவிட்டால் மெஷினில் இல்லை என்று அர்த்தம். காலையில் டிபனோடு பூட்டும் போகும். டிபன் எடுக்கும்போது கண்ணில் படும், எடுத்து மாட்டிக்கொள்வான். பூட்டு கேட்டைத் தாண்டக்கூடாது என்பது கம்பெனி சட்டம். டிபன் பையை யார் குடைந்து பார்க்கப்போகிறார்கள்? மூன்று மாதம் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது. அவளுக்கே தன் புத்தியில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நேற்று சாம்பார் கொட்டிப் பை நாறிவிட்டது. துவைத்துப் போட்டாள். பூட்டை எடுத்து ஃப்ரிட்ஜின் மேல் வைத்தாள். இன்று விடியற்காலை நகைக்கடை கொடுத்த மஞ்சள் பையில் டிபனைப் போட்டு அனுப்பிவிட்டாள். அவனுக்கு ஞாபகமாக இருந்தது ஊரில் அவள் ஒருத்திதான். அவளும் மறந்துவிட்டாள்.

செந்தமிழனுக்குப் போன் போட்டுப் பயனில்லை. கம்பெனியில் எல்லார் போனும் கேட்டிலேயே வாங்கி வைக்கப்படும். நாகப்பன் அண்ணன் போனும் அங்கேதான். மெமோவின் தலையில் அச்சடித்திருந்த கேட் நம்பருக்குப் போட்டாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

"மெயின் கேட், செக்யூரிட்டி நடேசன்."

"சார், நான் மெயின்டனன்ஸ் செந்தமிழன் வூட்லேர்ந்து பேசறேன். அவரு பள்ளத்துல எறங்கறதுக்கு முன்ன லாக்கு போட்டுக்கினாரான்னு கேட்டுச் சொல்றீங்களா? கொஞ்சம் அர்ஜென்ட் சார்."

"இன்னாம்மா இது, வூட்லேர்ந்து சேஃப்டி இன்ஸ்பெக்சனா?" நடேசன் சிரித்தார். "எங்க வூட்லயும் கீதே ஒண்ணு, நான் ஹெல்மெட் போட்டனான்னுகூடக் கேக்காது. இரும்மா, வாக்கி டாக்கியில கேட்டுட்டு நானே கூப்புடறேன்."

ஆறு நிமிஷம் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன் அடித்தது.

"கேட்டாச்சும்மா. பள்ளத்துல எறங்கிட்டாராம். மேலேர்ந்து கொரல் குட்த்து கேட்டாங்க. 'காலைல வந்தவொடனே மெயின் பேனல்ல போட்டுட்டேன், சாவி பாக்கெட்ல கீது'ன்னு தெளிவா சொன்னாராம். நீ நிம்மதியா இரு."

பூட்டு அவள் வலது கையில் இருந்தது. சாவி அதோடு நூலில் கட்டித் தொங்கியது. அவளேதான் கட்டியிருந்தாள்.

அங்கேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வீட்டில் பூட்டு என்றால், எப்படி வீட்டுக்கு வந்தது என்பார்கள். போட்டேன் என்கிறாரே என்றால், அவர் சொல்வதை நம்பாதீர்கள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஒரு 'ஏன்' வரைக்கும் போக அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. "சரி சார், தேங்க்ஸ் சார்" என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. பூட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தினாளோ இல்லையோ, ஸ்கூட்டியை எடுத்துவிட்டாள். நேரில் போய் நாகப்பன் அண்ணனைக் கூப்பிட்டுக் காதும் காதும் வைத்தாற்போல் கொடுத்துவிடலாம். யாருக்கும் தெரிய வேண்டாம். இதுதான் அவள் போட்ட கணக்கு. பைத்தியக்காரக் கணக்கு!

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் வேறு. கல்யாண வேன்களும் கம்பெனி பஸ்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஒரகடம் ரோட்டில் ஏறியதும் கொஞ்சம் வழி கிடைத்தது. வல்லம் சிப்காட் வளைவுக்கு முன்னால் ஒரு நீளமான டிரெய்லர் லாரி, திரும்புகிறேன் பேர்வழி என்று ரோட்டை முழுசாக மறித்துக்கொண்டு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். பிரவீனாவும் அடித்தாள். யார் அடித்தால் என்ன, லாரி நகர வேண்டாமா?

போனில் மணி பார்த்தாள். ஒன்பது ஐம்பத்தைந்து. பத்துக்கு டீ. டீக்கப்புறம் ட்ரையல். இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர் இருந்தது.

பேனல் அவள் கண்ணில் வந்து நின்றது. ஒருநாள்கூட அவள் அதை நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் தெரிந்தது. நாகப்பன் அண்ணன் டீக்குப் போகும்போது தன் பூட்டைக் கழற்றிக்கொண்டு போவார். மற்றவர்களும் கழற்றுவார்கள். அப்புறம் பேனலில் ஒன்றும் தொங்காது. ஒன்றும் தொங்கவில்லையென்றால் உள்ளே ஆள் இல்லை. ஆபரேட்டர் மேல் ஒரு தப்பும் சொல்ல முடியாது. சட்டப்படிதான் அவன் ஸ்விட்சைப் போடுவான்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அவர் வேலை இருக்கும், அவர் இருக்க மாட்டார் என்று பிரவீனாவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் பயமெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. வண்டியைத் தடுப்புச் சுவர் ஓரமாகத் தள்ளினாள். கேட்டுக்கு மறுபடி போன் போட்டாள்.

"சார், லைன நிறுத்துங்க."

"யாரும்மா? ஓ, நீயா? அதான் போட்டுட்டேன்னு..."

"அவரு சொன்னத நம்பாதீங்க சார்!" லாரி ஹாரனுக்கு மேலே அவள் குரல் கத்தலாக வந்தது. "எம்புருசனுக்கு ஞாபகம் நிக்காது. தலையில அடிபட்டதுலேர்ந்து இப்டித்தான். போட்டேன்னுதான் சொல்வாரு. பொய்யில்ல சார், அவருக்கு அப்டித்தான் தெரியும். லாக்கு என் கையில கீது. சாவியும் என் கையிலதான் கீது. அவரு வெறுங்கையோட எறங்கிகீறாரு. நிறுத்தச் சொல்லுங்க சார், உங்க கால்ல வுழறேன்!"

பக்கத்தில் பைக்கில் நின்றிருந்த ஆள் திரும்பிப் பார்த்தான். மறுமுனையில் நாற்காலி கீழே விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் நடேசன் வாக்கி டாக்கியில் யாரையோ கூப்பிடுகிற சத்தம். அப்புறம் லைன் கட்டாகிவிட்டது.

அதற்கப்புறம் அவள் எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று கேட்டால் அவளுக்கும் ஞாபகம் இல்லை. கேட்டில் நடேசன் எழுந்து நின்றார், எதுவும் சொல்லாமல் பார்வையாளர் அறைக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே குளிர்சாதனம் ஓடியது. சுவரில் 'விபத்தில்லா நாட்கள் 412' என்று ஒரு பலகை. பிரவீனா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது வந்து அதை அழித்துவிட்டு பூஜ்யம் போட்டுவிடுவார்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால் மணி நேரம் கழித்து சேஃப்டி ஆபீசர் நம்பிராஜன் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நெற்றி வேர்த்திருந்தது.

"ஆளு நல்லா இருக்காரு" என்றார் முதலில். "மொதல்ல உக்காருங்க. ஒண்ணும் ஆவல."

பிரவீனா உட்காரவில்லை, விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"வேல முடிஞ்சு எல்லாரும் ஏறிட்டாங்கன்னு நெனச்சு, டீக்கு முன்னாலயே ட்ரையல் எடுத்துரலாம்னு அவங்கவங்க பூட்டைக் கழத்திட்டாங்க. பேனல் காலி. ஆபரேட்டர் ஸ்விட்ச்ல கைய வச்சிட்டான்மா. அப்பதான் வாக்கி டாக்கில சத்தம் வருது. டார்ச் அடிச்சுப் பாத்தா, மூலையில உக்காந்து போல்ட்டை முறுக்கிட்டிருக்காரு. பாட்டு வேற பாடுதாரு." அவர் ஹெல்மெட்டை மேஜையில் வைத்தார். "நீங்க மட்டும் ரெண்டு நிமிசம் லேட்டா சொல்லியிருந்தீயன்னா..."

பிரவீனா கைப்பையிலிருந்து பூட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். எப்போது அடிபட்டது, டாக்டர் என்ன சொன்னார், பூட்டு ஏன் வீட்டுக்கு வந்தது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நம்பிராஜன் முழுசாகக் கேட்டார். கடைசியில், "இத அன்னைக்கே சொல்லியிருந்தா வேற வேலை எதும் போட்டுக் கொடுத்திருக்கலாமே, தாயி" என்றார். அதைக் கேட்டபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

செந்தமிழனை அழைத்துவந்தார்கள். கிரீஸ் படிந்த பழைய பனியன். கூடவே நாகப்பன், முகம் சுண்டிப்போய்.

"இன்னாடி, இங்க வந்துகினுகீற? வூட்ல இன்னா?" என்றான்.

"லாக்கு போட்டுக்காம எறங்கிட்ட மாமா."

"யாரு சொன்னா? நான் போட்டேன். என் கையால போட்டேன். 'டக்'னு சத்தம் கேட்டுச்சு."

பிரவீனா மேஜையைக் காட்டினாள். அவன் பூட்டைப் பார்த்தான். அட்டையில் அவன் போட்டோ, அவன் பேர். நன்றாக உற்றுப் பார்த்தான். "இது வேற லாக்கு" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. பத்தாயிரம் தடவை போட்ட கை, பத்தாயிரம் தடவை கேட்ட சத்தம். இன்றைய ஓட்டையில் அதிலிருந்து ஒரு துண்டு வந்து உட்கார்ந்திருந்தது.

நாகப்பன் மெல்ல, "தமிழா, அது உன் லாக்குதான்டா" என்றார். செந்தமிழன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கடைசியில் அவள் முகத்தில் பார்வை வந்து நின்றது.

"நீதான் சொன்னியா? என் ஞாபகம் சரியில்லன்னு? இவங்ககிட்டயா?"

"நான்தான் மாமா."

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி!"

அத்தனை பேர் முன்னால் அவன் அப்படிக் கத்தினான். அடிபடுவதற்கு முன்னால் அவளை ஒரு வார்த்தை உரக்கப் பேசாதவன்.

நம்பிராஜன் தீர்த்துச் சொன்னார். நரம்பு டாக்டரிடம் முழுசாகக் காட்டி, ஞாபகத்துக்கான பரிசோதனையெல்லாம் செய்து சான்றிதழ் கொண்டுவர வேண்டும். அதுவரைக்கும் மெஷின் பக்கம் வரக்கூடாது. "வேலைய விட்டுத் தூக்குதோம்னு நான் சொல்லல. தூக்க மாட்டோம்னு சொல்லவும் என்னால முடியாது" என்றார். பூட்டை அவளிடமே கொடுத்தார். "இது கேட்டைத் தாண்டக்கூடாதுதான், பரவால்ல வச்சுக்கோங்க. திரும்பி வந்தார்னா இதே பூட்டைப் போட்டுக்கிடட்டும்."

கதை இதோடு முடிந்திருந்தால் பிரவீனா தேங்காய் உடைத்திருப்பாள். முடியவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை நாலே முக்காலுக்கு செந்தமிழன் எழுந்தான், குளித்தான், அலமாரியைத் திறந்து யூனிஃபார்மை மாட்டினான், ஷூ போட்டான். "டிபன் ரெடியா? பஸ் வந்துடப்போவுது" என்றான். பிரவீனா தோசைக் கரண்டியோடு நின்றாள். அவனுக்கு ஒன்றுமே தெரியாது. பள்ளம் இல்லை, நம்பிராஜன் இல்லை, அவன் கத்தியதும் இல்லை. சனிக்கிழமை முழுக்கத் துடைத்துப் போட்டாற்போல் போயிருந்தது.

சேதி கேட்டு வாலாஜாபாத்திலிருந்து வந்து தங்கியிருந்த மாமியார் சந்திரம்மாள் அவள் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்குள் இழுத்தாள். "சொல்லாதம்மா. மறுபடி மறுபடி எதுக்குக் குத்தணும்? கம்பெனி லீவுன்னு சொல்லிடு."

பிரவீனா சொன்னாள். அவன் நம்பினான். "அப்டியா? நல்லதாப் போச்சு" என்று யூனிஃபார்மைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொண்டான். செவ்வாய்க்கிழமையும் அதையே சொன்னாள். செவ்வாய்க்கிழமையும் நம்பினான். அன்று சாயங்காலம் நாகப்பன் போன் செய்தபோது செந்தமிழன் சந்தோஷமாக, "கம்பெனி லீவு உட்டுகீறாங்கண்ணே, உனக்குத் தெரியாதா? நம்பிராஜன் சாரே வந்து நோட்டீஸ் ஒட்டனாரு" என்றான். நோட்டீஸின் நிறம்கூடச் சொன்னான். அவள் போட்ட பொய்யை எடுத்து அவன் மூளை ஒட்டுப் போட்டுக்கொண்டுவிட்டது. இனி அவள் எதைச் சொன்னாலும் அதுதான் அவனுக்கு நடந்தது. உலகத்தில் அவனுக்கு வேறு சாட்சி கிடையாது. இதைவிடப் பெரிய பயம் அந்தப் பள்ளத்தில்கூட இருக்கவில்லை.

புதன்கிழமை உண்மையைச் சொன்னாள். டம்ளர் பறந்தது. வியாழக்கிழமை சொன்னாள். சாயங்காலம் வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை நரம்பு டாக்டரிடம் போனார்கள். அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "நிஜத்தையே சொல்லுங்க. ஒரே மாதிரி வார்த்தையில, தினமும் சொல்லுங்க. மெதுவா ஏறும்." எளிதாகச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு விடியலிலும் தாலி கட்டினவனிடம் போய், 'உன் வேலையை நான்தான் நிறுத்தினேன்' என்று புதுசாகச் சொல்ல வேண்டும், புதுசாகத் திட்டு வாங்க வேண்டும். அவனுக்கு அது ஒவ்வொரு நாளும் முதல் தடவை. அவளுக்கு ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது.

அடுத்த திங்கட்கிழமை அவள் ஆறாவது தடவையாகச் சொன்னாள். காலையில் சொன்னது சில நாள் சாயங்காலம் வரை ஒட்டிக்கொண்டு நிற்கும். அன்று நின்றது. அரிசி களைந்துகொண்டிருந்தவள் பின்னால் வந்து நின்று செந்தமிழன் கேட்டான்.

"பிரவீ, நெதம் இப்டித்தான் நடக்குதா?"

"நெதம்தான் மாமா."

"நெதம் நான் கத்தறனா?"

அவள் அரிசித் தண்ணீரைக் கொட்டினாள்.

"பேசாம லீவுன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே. நான் நம்பிகினு படுத்துப்பேனே."

"ரெண்டு நாள் சொன்னேன். அப்டியே நம்பிட்ட. அதான் பயமாப் போச்சு."

அவன் உள்ளே அலமாரியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "என் லாக்கு எங்க?" என்றான்.

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் உள்ளே போனான். யூனிஃபார்ம் இருக்கிற அலமாரிக் கதவின் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து அந்தச் சிவப்புப் பூட்டை மாட்டினான். 'டக்'. அட்டையைத் திருப்பி, போட்டோ வெளியே தெரிகிறாற்போல் வைத்தான். மெஷினில் அப்படித்தான் வைக்க வேண்டும். சாவியை வெகுநேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவள் ஈரக் கையை இழுத்து அதில் வைத்து மூடினான்.

மறுநாள் விடியற்காலை நாலே முக்கால். பிரவீனா அதற்கு முன்பே விழித்திருந்தாள். செந்தமிழன் எழுந்து குளித்து, துண்டோடு அலமாரி பக்கம் போனான். அவன் கை கைப்பிடி வரை போய், தொடாமல், சட்டென்று பின்னால் வந்தது. பூட்டு தொங்கினால் தொடக்கூடாது. அந்தக் கைக்கு அது மறக்கவில்லை.

குனிந்து அட்டையைப் படித்தான். தன் போட்டோவைப் பார்த்தான். சாவிக்காக இடுப்புத் துண்டைத் தடவினான், தலையணைக்கு அடியில் தேடினான். பிறகு திரும்பினான்.

"பிரவீ, என் லாக்கு இதுல தொங்குது. சாவி எங்க?"

"என்கிட்ட கீது மாமா."

"உன்கிட்டயா? எப்டி வந்துச்சு?"

அவள் எதையும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் நம்புவான்.

"நீதான் குட்த்த."

"நானா?" அவன் அந்தப் பூட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். மேனேஜர் கேட்டாலும் தராத சாவி. கட்டின பொண்டாட்டிக்கே கொடுக்கக்கூடாத சாவி. நேற்று சாயங்காலம் நடந்ததில் ஒரு துளியும் அவனிடம் மிச்சமில்லை என்பது அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் திட்டுக்குத் தயாராகிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

செந்தமிழன் கட்டிலின் விளிம்பில் வந்து உட்கார்ந்தான்.

"நானே குட்த்திருந்தா, அதுக்கு ஏதோ காரணம் இருக்கும்" என்றான். "வா, இப்டி உக்காரு. இன்னா ஆச்சுன்னு மொதல்லேர்ந்து சொல்லு."